பழைய சரக்கு முதலில்

பெண்ணின் ஜாதகம் ஏழாம் வீட்டோடு நின்றது.

கிர்ர் கிர்ர் என்று அடித்துக்கொண்டிருந்த பிரிண்டர் ஒரு விக்கலோடு அடங்க, ஜோசியர் கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். அவருடைய மேசைக்கு அடியில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய்! யாரும்மா நீ?"

அவள் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தாள். "பாத்திமுத்து. மதுரை. பழைய மெஷின் ரிப்பேர். காலைக் கொஞ்சம் தூக்குங்க ஜோசியரே, பவர் வயரு உங்க செருப்புக்கடியில மாட்டியிருக்கு."

பொருத்தம் பார்க்க வந்திருந்த பெண் வீட்டார் பதறி எழுந்துவிட்டார்கள். வாசலில் நின்றிருந்த மனிதர் உள்ளே வந்தார். ஐம்பதைத் தொடும் வயது. சட்டையெல்லாம் வியர்வை.

"மன்னிச்சிடுங்க ஐயா. என் பேரு கனகவேல். சிவகாசியில பட்டாசு ஆலை ஃபோர்மேன். எனக்கு இந்த பிரிண்டர் வேணும், இப்பவே. சாயங்காலத்துக்குள்ள கொண்டு போகலைன்னா என் பொண்ணு செத்துருவா."

"பிரிண்டர் இல்லாமச் செத்த ஆளை நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"நானும்தான்," என்றாள் பாத்திமுத்து மேசைக்கு வெளியே தலையை நீட்டி. "காலையில இருந்து இந்த அண்ணாச்சியோட விருதுநகர், சாத்தூர்னு ஏறி இறங்குறேன். லாரி புக்கிங் ஆபீஸ்ல ஒண்ணு கிடைச்சுது. தெறந்தா உள்ள எலி குட்டி போட்டிருக்கு. உலகமே சத்தமில்லாத பிரிண்டருக்கு மாறிப்போச்சு. நீங்க மட்டும் ஏன் இந்த டாட் மேட்ரிக்ஸ் ஊசி பிரிண்டரைக் கட்டிக்கிட்டு அழுறீங்க?"

"சத்தம் வேணும்மா. அடிச்சு வந்த ஜாதகம்னாத்தான் இந்த அருப்புக்கோட்டையில நம்புறாங்க. சத்தமில்லாம வந்தா, 'இதை நாங்க போன்லயே பாத்துக்குவோமே'ன்னு எந்திரிச்சுப் போயிடுறாங்க." சொல்லிக்கொண்டே கோமதிநாயகம் பிரிண்டரின் மேல் கையை வைத்துக்கொண்டார். "வேற இடம் பாருங்க. முகூர்த்த மாசம். இது இல்லாம என் பொழப்பு ஓடாது."

"பொண்ணு உறக்கக் கிடங்குல இருக்காய்யா," என்றார் கனகவேல்.

விருதுநகர் உறக்கக் கிடங்கைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. மருந்தே இல்லாத நோய்க்காரர்களைக் குளிரூட்டி உறங்க வைத்து, மருந்து வரும் வரை காத்திருக்கச் செய்யும் இடம். காத்திருப்பவர்களுக்குப் பசி கிடையாது, கனவு கிடையாது, வயதும் ஏறாது.

"கிட்னி. மருந்து வந்தாச்சு. ஆனா எழுப்ப முடியல."

தொழில் பழக்கத்தில் ஜோசியருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. "பொண்ணுக்கு என்ன வயசு?"

"பொறந்த தேதிப்படி இருபது. உடம்புக்கு ஒம்பது." கனகவேல் மேசையில் கையூன்றிக் கேட்டார். "நீங்களே சொல்லுங்க ஜோசியரே, எந்த வயசுக்குக் கணிப்பீங்க? அவ தூங்குன காலமெல்லாம் சனி நகர்ந்தானா, அவளுக்காக நின்னானா?"

பிரிண்டரின் மேலிருந்த கோமதிநாயகத்தின் கை தானாக விலகியது.

பாதி ஜாதகத்தைக் கிழித்து எடுத்தவர், பொருத்தம் பார்க்க வந்திருந்த பெண்ணின் அப்பாதான். "பொருத்தம் எங்கயும் ஓடிப்போயிடாது," என்று சொல்லிவிட்டு, பிரிண்டரின் ஒரு முனையை அவரே தூக்கினார்.

*

வேன் விருதுநகர் சாலையில் பறந்தது. பாத்திமுத்து பிரிண்டரைக் குழந்தைபோல் மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, கூப்பிட்டீங்க, வந்துட்டேன். ஆனா ஒண்ணு புரியல. ஆளை எழுப்புறதுக்கு எதுக்கு பிரிண்டரு?"

கனகவேல் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது முன்ன வத்தல் கிடங்கும்மா. மொளகா வத்தல் மூட்டையைக் குளிர்ல அடுக்கி வைக்கிற இடம். உறக்கக் கம்பெனிக்காரன் வந்தப்ப கட்டடத்தை வாங்குனான், குளிர் மெஷினை வாங்குனான். அதை ஓட்டுற கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் இருக்கு பாரு, அதையும் அப்படியே வச்சுக்கிட்டான். நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் புதுசுன்னு."

"வத்தல் மூட்டைக்கு எழுதுன சாஃப்ட்வேர்லயா ஆளுங்களைப் படுக்க வச்சிருக்காங்க?"

"குளிர் வைக்கிறது, சூடேத்துறது, கதவு தெறக்கிறது, எல்லாம் அதுதான். மூட்டை வெளிய போகணும்னா முதல்ல கேட் பாஸ் அடிக்கணும். அடிச்சாத்தான் சூடேறும். அதுக்கு என் பொண்ணு நிறைமதின்னெல்லாம் தெரியாது. அவளும் ஒரு மூட்டை, அவ்வளவுதான்."

"அடச்சே, இதுக்கா இவ்வளவு அலைச்சல்? பிரிண்டர் இருக்கிற மாதிரி பொய்யா ஒரு சிக்னல் குடுத்தாப் போச்சு. நானே பண்ணித் தர்றேன்."

"பண்ணிப் பாத்தாச்சும்மா, காலையிலயே ஒருத்தர் வந்து தோத்துட்டுப் போயிட்டாரு. வத்தல் கிடங்கு முதலாளி யாரையும் நம்பாத ஆளு. வேலைக்காரங்க பிரிண்டர் வயரைக் கழட்டிப் போட்டுட்டு, பாஸ் இல்லாம மூட்டை கடத்துனாங்களாம். அதனால ஊசி பேப்பர்ல நெசமா குத்துதா, பேப்பர் நெசமா நகருதான்னு கேட்டுக்கேட்டு ஓடுற மாதிரி எழுத வச்சுட்டாரு. அந்தக் கேள்விக்குச் சரியாப் பதில் சொல்றது இந்த ஒரு வகை பிரிண்டர்தான்."

"எழுதுன ஆளைப் பிடிக்கலாமே?"

"அவரும் போய்ச் சேந்துட்டாரு, முதலாளியும் போய்ச் சேந்துட்டாரு. உறக்கக் கம்பெனிக்காரனும் கடையை மூடிட்டுப் போயிட்டான். டாக்டரம்மா ஒருத்தங்கதான் கிடங்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க." அவர் கியரை மாற்றினார். "அவங்களை நான் கும்பிட்ட நாளும் உண்டு. காசில்லாம நின்னப்ப என் பொண்ணுக்குச் சும்மா இடம் குடுத்தவங்க. ஆனா மருந்து வந்து நாலு மாசமாச்சு. பிரிண்டர் கெட்டுப்போச்சு, சொல்லி வச்சிருக்கேன், வரும் வரும்னே இழுத்தாங்க. இன்னிக்குக் காலையில திடீர்னு போன். 'பாப்பாவோட உறக்கம் கெடுது, ரத்தத்துல ஐஸ் கட்ட ஆரம்பிச்சிருக்கு, இன்னிக்கே எழுப்பணும், எங்கயாவது பிரிண்டர் தேடிக் கொண்டு வாங்க'ன்னு."

"பொட்டியை உடைச்சு எடுத்துட்டா?"

"துளித்துளியா சூடேத்தணும். உடைச்சா, கையில பொணம்தான் கிடைக்கும்."

வேன் ஒரு பள்ளத்தில் குதித்தபோது பாத்திமுத்து பிரிண்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

மூட்டைகள் போய் எத்தனையோ காலமாகியும் கிடங்கின் சுவரில் வத்தல் நெடி மிச்சமிருந்தது. உள்ளே நுழைந்ததும் பாத்திமுத்து அடுக்கடுக்காகத் தும்மினாள்.

டாக்டர் ஜெயக்கொடி நாலாம் அறையின் வாசலில் காத்திருந்தார். நரைத்த தலை, ஒடிசலான உடம்பு. கிடங்கின் பின்பக்கத்திலேயே ஓர் அறையில் குடியிருப்பவர். அவர் வெளியூர் போய் யாரும் பார்த்ததில்லை. பிரிண்டரைப் பார்த்ததும் அவர் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று கனகவேல் எதிர்பார்த்தார். வரவில்லை.

"கிடைச்சிடுச்சா?" என்றார் டாக்டர்.

"ஒரே நாள்ல கிடைச்சிடுச்சு டாக்டரம்மா." கனகவேலால் அடக்க முடியவில்லை. "நாலு மாசமா உங்களுக்குக் கிடைக்காதது எனக்கு ஒரு நாள்ல கிடைச்சிருக்கு! நீங்க தேடவே இல்ல, அப்படித்தானே?"

"தேடலை."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று கனகவேல் நினைக்கவில்லை.

"பாப்பா நிலைமை எப்படி இருக்கு?" என்று பாத்திமுத்துதான் கேட்டாள்.

"இருட்டுறதுக்குள்ள ஆரம்பிக்கணும்மா. மாட்டுங்க."

பாத்திமுத்து வாசலோரத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். மூன்று தாளும் நடுவே கார்பனும் வைத்த பழைய கட்டு ஒன்றை டாக்டர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரிண்டர் ஒருமுறை தலையை இடவலமாக ஓட்டி, க்ரீச் என்று நின்றது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் அசைந்தன.

"பதில் சொல்லுது!" பாத்திமுத்து துள்ளினாள். "பிரிண்டரை ஏத்துக்கிச்சு அண்ணாச்சி! ரிப்பன் காஞ்சுதான் போயிருக்கு. ஆனா எழுத்து தெரியுதா இல்லையான்னு அதுக்கென்ன கவலை, குத்தினாப் போதும்."

கனகவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பாத்திமுத்து உற்சாகமாக நிறைமதியின் எண்ணைத் தட்டினாள். பிரிண்டர் அசையவில்லை. திரையில் ஒரு வரி வந்து துடித்தது.

"என்னம்மா?"

"லாட் ரெண்டுக்கு பாஸ் தர முடியாதாம். லாட் ஒண்ணு இன்னும் உள்ள இருக்காம். பழைய சரக்கு முதல்லன்னு சொல்லுது." அவள் டாக்டரைப் பார்த்தாள். "என்னங்கம்மா இது?"

ஜெயக்கொடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோயாளிகளின் உறவினரிடம் பேசிப் பழகிய, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னார்.

"வத்தல் வச்ச மாதிரியே இருந்தா நிறம் போயிடும், விலை போகாது. அதனால முதல்ல வந்த மூட்டைதான் முதல்ல வெளிய போகணும். வத்தல் வியாபாரத்துல அது சட்டம். புதுச் சரக்கைக் குடுத்துட்டுப் பழசைத் தேக்கி வைக்க இந்த சாஃப்ட்வேர் விடாது. ஒவ்வொரு ரூமுக்கும் தனி வரிசை. இந்த ரூம்ல ரெண்டே படுக்கை. ஒண்ணுல உங்க பொண்ணு. இன்னொண்ணுல இருக்கிறவர் அவளுக்கு ரொம்ப முன்னாடி வந்தவர்."

"அவரை முதல்ல எழுப்பினா இவளை எழுப்பலாம். அவ்வளவுதானே?" என்றார் கனகவேல்.

"அவருக்கு இதயத் தசை நோய். மருந்து இன்னும் வரலை."

"எழுப்பினா?"

"அரைமணி நேரம் இருப்பார். கூடினா இன்னும் கொஞ்சம்."

"மறுபடி தூங்க வச்சிடலாமே?"

"ஒரு உடம்பு ஒரு தடவைதான் தாங்கும்."

"எழுப்பாம இருந்தா?"

"பத்திரமா இருப்பார். எத்தனை வருஷம் வேணும்னாலும்."

கனகவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்கம்மா," பாத்திமுத்துவின் குரல் தணிந்திருந்தது. "அவருக்குப் பாஸை மட்டும் அடிச்சுட்டு, ஆளை உள்ளயே விட்டுடலாமே? அதுக்கு என்ன தெரியப்போகுது?"

"பாஸ் அடிச்சதும் சூடேற ஆரம்பிச்சிடும். நிறுத்த முடியாது. அப்புறம், படுக்கைக்கு அடியில எடை மெஷின் இருக்கு. எடை இறங்கினாத்தான் அடுத்த பாஸ். முதலாளி அதையும் யோசிச்சு வச்சிருக்கார்."

"பாவி. செத்தும் ஒருத்தனையும் நம்ப மாட்டேங்கிறானே!"

கனகவேல் தலையை நிமிர்த்தினார். "இதுக்காகத்தான் நீங்க பிரிண்டரைத் தேடலையா?"

"தேடியிருந்தா கிடைச்சிருக்கும்," என்றார் ஜெயக்கொடி.

"பின்ன ஏன் டாக்டரம்மா எம்புள்ளைய இந்த ரூம்ல படுக்க வச்சீங்க? வரிசை தெரிஞ்சுதானே வச்சீங்க?"

"மத்த ரூம் எல்லாம் கம்பெனி கணக்குல இருந்தது. சும்மா இடம் குடுக்கிற அதிகாரம் எனக்கு இந்த ரூம்ல மட்டும்தான் இருந்தது. அவருக்குத்தான் முதல்ல மருந்து வரும்னு அப்ப எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பினேன்."

"அவருக்குன்னு வீட்டு ஆளுங்க இருப்பாங்களே. அவங்களைக் கேக்காம எப்படி…"

"கேட்டாச்சு. ஒத்துக்கிட்டாங்க."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையில. உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி."

கனகவேல் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். போன வருடம் செத்துப்போன மனைவி கடைசியாகக் கேட்டது நினைவுக்கு வந்தது. பாப்பா முழிச்சா என்னைத் தேடுவாளே, என்ன சொல்லுவீங்க? இப்போது அவருக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. நீ எழுந்து வர ஒருத்தர் போனார் என்று எந்த வயதில் பிள்ளையிடம் சொல்வது?

"என் வாயால அதைச் செய்யுங்கன்னு சொல்ல வைக்காதீங்க டாக்டரம்மா. என்னால முடியாது. செய்யாதீங்கன்னும் என்னால சொல்ல முடியாது."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நான் உங்களைக் கேக்கலை."

ஜெயக்கொடி எழுந்தார். பாத்திமுத்துவை நகரச் சொல்லிவிட்டு, முதல் படுக்கையின் எண்ணை அவரே தட்டினார். ஒரு கணம் விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு அழுத்தினார்.

பிரிண்டர் அடித்தது. ஆளரவமற்ற கிடங்கில் அந்தச் சத்தம் தகரத்தில் மழை இறங்கியதுபோல் எழுந்தது. வரி வரியாகத் தாள் நகர, ஊசிகள் குத்தின. மங்கிய எழுத்தில் அதே பழைய வாசகம். சரக்கு: வத்தல். மூட்டை: ஒன்று. ஓட்டையுள்ள ஓரத்தைக் கிழித்து மூன்று தாளையும் பிரித்தார் ஜெயக்கொடி. வெள்ளை கேட்டுக்கு, மஞ்சள் ஆபீசுக்கு. சரக்குக்கு உரிய பார்ட்டியிடம் கொடுக்க வேண்டியது இளஞ்சிவப்பு. அதை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

நாலாம் அறைக்குள் முதல் படுக்கையின் மேல் பச்சை விளக்கு எரிந்தது.

*

சூடேற நேரம் பிடித்தது. கண்ணாடி மூடி விலகியதும், உறங்குகிறவரைப் படுக்கையோடு பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கனகவேலும் ஒரு பக்கம் பிடித்தார். பிடித்தவர் முகத்தைப் பார்த்துவிட்டார். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. முப்பதுகூட இருக்காது. அடர்ந்த மீசை. கன்னத்தில் இளமை அப்படியே தங்கியிருந்தது.

"நான் இவர்கிட்ட உட்கார்றேன் டாக்டரம்மா. கண்ணு முழிக்கிறப்ப யாரும் இல்லாம இருக்கக் கூடாது. அதையாவது நான் செய்யணும்."

"நீங்க உங்க பொண்ணுகிட்ட போங்க. சூடேறும்போது செய்ய வேண்டியதெல்லாம் மெஷினே செய்யும். ஊசி மட்டும் நான் வந்து போடுறேன். இங்க நான் இருக்கேன்."

நாலாம் அறையில் எடை மெஷினின் முள் இறங்கியிருந்தது. பாத்திமுத்து இரண்டாவது எண்ணைத் தட்டினாள். ஒரு தாள் கோணலாக இழுத்துக்கொண்டு பிரிண்டர் திணற, "வா ராசா, வா, நின்னுடாத," என்று கெஞ்சிக்கொண்டே விரலால் ஓரத்தை நீவிவிட்டாள். மறுபடி ஊசிகள் குத்தின. மூட்டை: ஒன்று. இரண்டாவது விளக்கு எரிந்தது.

கனகவேல் கண்ணாடிக்கு வெளியே மண்டியிட்டார். உள்ளே, அவர் நினைவில் இருந்த அதே ரெட்டைச் சடை. அதே பால் பல் விழுந்த இடைவெளி. மெஷினின் திரையில் நேர்கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஓர் இடத்தில் சின்னதாகத் துள்ளியது.

"அண்ணாச்சி!"

இன்னொரு துள்ளல். இன்னொன்று. மூடி விலகியபோது ஜெயக்கொடி விரைந்து வந்து புது மருந்தைக் கையில் ஏற்றினார், நாடியைப் பிடித்துப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார். "நல்லா இருக்கா," என்றார். "கை சில்லுனுதான் இருக்கும், தேய்ச்சுக்கிட்டே இருங்க." வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டார். போகும் வழியில் குழாயடியில் நின்று முகம் கழுவியதையும், கூந்தலை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டதையும் பாத்திமுத்து பார்த்தாள்.

நிறைமதி இருமினாள். கண்ணைத் திறக்காமலே, "அப்பா, குளிருது," என்றாள்.

கனகவேல் அழுத அழுகைக்குச் சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து, பிள்ளையின் கையைப் பாத்திமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்தார். டாக்டரம்மா காலில் விழ வேண்டும். முடிந்தால், போகிறவர் காலிலும் விழ வேண்டும்.

பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது.

இளைஞன் விழித்திருந்தான். மூச்சு வாங்கியது. தன் மேல் குனிந்திருந்த நரைத்த முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவன், யாரென்று பிடிபட்டதும் மரியாதையோடு தலையைத் தூக்க முயன்றான்.

"அத்தை… நீங்க எப்ப ஊர்ல இருந்து வந்தீங்க?"

டாக்டர் அவன் போர்வையை இழுத்துவிட்டார்.

"ஜெயக்கொடி வரலையா?" கண்கள் அவரைத் தாண்டி அறையெங்கும் தேடின. "கண்ணு முழிக்கிறப்ப பக்கத்துலயே இருப்பேன்னு சொன்னா."

வாசலில் கனகவேல் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

டாக்டர் ஜெயக்கொடி அவன் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"வந்துக்கிட்டே இருக்கா மாப்பிள்ளை," என்றார். "ஆஸ்பத்திரியில ஒரு சின்னப் பிள்ளையைப் பாத்துக்கிட்டு இருக்கா. பிழைச்சிடுச்சாம். இப்ப வந்துடுவா."